பக்கத்தில் நிற்பவர்களின் நிறம்

திங்கட்கிழமை காலை எடுத்த படத்தில், இரண்டு விசைப்படகுகளுக்கு நடுவே இருந்த வெறுங்காற்றில், ஒரு தோள்பட்டையின் வளைவு தெரிந்தது.

செந்தமிழ்ச்செல்வி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வருடமாகக் கேமராக்களுக்கு மென்பொருள் எழுதுகிறவள் அவள். படத்தில் தெரியும் பேய்களை எத்தனையோ பார்த்தாயிற்று. லென்ஸில் ஒட்டிய உப்பு பேயாகும், தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் வெயில் பேயாகும், பறந்து போன காக்கையின் இறக்கை பேயாகும். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. காரணம் சொல்ல முடியாத எதையும் அவள் இதுவரை பார்த்ததில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை என்றே இருந்தாள்.

முதலியார்பேட்டையில் ஒரு வீட்டின் மாடிதான் அவர்கள் ஆஃபீஸ். அதன் பின்பக்க அறையின் ஜன்னலைப் பலகை அடித்து மூடி, நான்கு சுவர்களுக்கும் கூரைக்கும் ஒரே சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். நிறத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் நிறமே இருக்கக் கூடாது. பகல் பதினொரு மணிக்கும் அந்த அறைக்குள் பொழுது தெரியாது. பழைய ஏசியின் உறுமல், சூடேறிய கணினியிலிருந்து கிளம்பும் லேசான பிளாஸ்டிக் வாடை, கதவுக்கு அப்பால் எங்கோ கடலூர் சாலையில் அலறும் பஸ் ஹாரன், இவ்வளவுதான். செல்விக்கு அந்த அறை பிடிக்கும். அங்கே யாரும் அவளிடம் ஆறுதல் சொல்ல வரமாட்டார்கள்.

தன் வேலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் அவள் ஒரே மாதிரிதான் சொல்வாள். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரே ஒரு நிறக் கண்ணாடி. சிவப்புக் கண்ணாடி போட்ட புள்ளிக்குச் சிவப்பு மட்டும்தான் தெரியும், பச்சையும் நீலமும் தெரியாது. நீலப் புள்ளிக்கு நீலம் மட்டும். ஆக, ஒரு படத்தில் கேமரா உண்மையில் பார்ப்பது மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கை, பக்கத்துப் புள்ளிகள் என்ன பார்த்தன என்று கேட்டு, மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. "நீங்க எடுக்கற எல்லா போட்டோவுலயும் பாதிக்கு மேல பொய்தான்" என்று முடிப்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

அவள் புதிதாக எழுதிய முறை அந்தப் பொய்யை மிக நன்றாகச் சொன்னது. ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, இடமும் வலமும் இருப்பவரைக் கேட்பதா, மேலும் கீழும் இருப்பவரைக் கேட்பதா என்று அது முடிவெடுக்கும். பொருளின் ஓரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தத் திசையில் மட்டும் கேட்கும். அதனால் ஓரங்கள் கலங்காமல் கூர்மையாக விழும். அந்த முடிவுகளை மட்டும் தனியே கறுப்பு வெள்ளையில் வரையவைத்து அவள் சரிபார்ப்பாள். திசைப்படம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். வெறும் வானம் இருக்கும் இடத்தில் திசைப்படம் பொடி தூவியது போல் இருக்கும். ஏதாவது ஒரு பொருள் இருந்தால்தான் கோடு விழும்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பதினோரு கேமராக்கள் வைக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஏலக்கூடத்துச் சுவரில் முதல் கேமராவை வெள்ளோட்டமாக மாட்டி, தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைப் படத்தில் இரண்டு படகுகள், நடுவில் வானம். திசைப்படத்தில் அந்த வானத்தில் ஒரு தோள், அதிலிருந்து கழுத்துக்கு ஏறும் கோடு. ஊகிப்பதற்கு முன்னால், சென்சார் பார்த்தபடியே இருக்கும் மூலப் பதிவைத் திறந்தாள். அங்கே ஒன்றுமில்லை. சுத்தமான வானம்.

அதாவது, கேமரா யாரையும் பார்க்கவில்லை. ஊகித்ததில் மட்டும் ஒருவர் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை அது முழு ஆளாக இருந்தது.

தலை, இரண்டு தோள், தொங்கும் கைகள், சற்றே அகட்டி நின்ற கால்கள். படகுகளுக்கு நடுவே அல்ல, அவற்றுக்கு முன்னால், படகுத்துறையின் சிமெண்ட் தரையில். பார்ப்பவரைப் பார்த்து நிற்கிறதா, முதுகைக் காட்டி நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. கோடு மட்டும்தானே. அதன் வலப்பக்கத்தில், உண்மையாகவே அங்கிருந்த ஒரு ஐஸ் சுமக்கும் ஆள், தோளில் பெட்டியோடு நடந்துகொண்டிருந்தான்.

புதன்கிழமை அதற்கு நிறம் வந்தது.

முழுக்க இல்லை. இடது கை மட்டும். வெயிலில் கருத்த முழங்கை, ஐஸ் தண்ணீர் வழிந்த பளபளப்பு, புறங்கையில் பச்சை குத்திய ஒரு வேல். உடம்பின் மற்ற பாகமெல்லாம் வானத்தின் வெளுத்த நீலத்திலேயே இருக்க, காற்றிலிருந்து முளைத்தது போல அந்த ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. செல்வி செவ்வாய்க்கிழமைப் படத்தை மறுபடி திறந்து, ஐஸ் சுமந்தவனின் கையைப் பெரிதாக்கினாள்.

பச்சை குத்திய வேல்.

அவள் போனை எடுத்து நிர்மலாவைக் கூப்பிட்டாள். நிர்மலா அவள் தம்பி மனைவி. துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அங்கேயே கூடை வைத்து மீன் விற்கிறவள். தம்பி அய்யப்பன் மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் ஃபைபர் படகில் கடலுக்குப் போனவன். படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. குப்பத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். புயலில் போனான் என்றார்கள், இலங்கைப் பக்கம் ஒதுங்கியிருப்பான் என்றார்கள், கனவில் வந்து பேசினான் என்றார்கள். செல்வி எதையும் ஏற்கவில்லை. "தெரியாதுன்னா தெரியாதுன்னு வையுங்க. அந்த எடத்த யாரும் நெரப்பாதீங்க" என்று காரியத்துக்கு வந்தவர்கள் முன் கத்தியவள் அவள். அதிலிருந்து சொந்தக்காரர்கள் அவளிடம் அதிகம் பேசுவதில்லை. நிர்மலா மட்டும் பேசுவாள்.

"அண்ணி, சொல்லுங்க" என்றாள் நிர்மலா. பின்னால் ஏலத்தின் இரைச்சல்.

"நிர்மலா, அங்க ஐஸ் தூக்கற ஆளு ஒருத்தன். கையில வேல் பச்ச குத்தியிருக்கும்."

"பஞ்சநாதன் அண்ணனா? அய்யோ, அத ஏன் கேக்கறீங்க. நேத்து காலையில பொட்டியோட அப்படியே உக்காந்துட்டாரு. எடது கை வெளங்கல. பெரியாஸ்பத்திரில வச்சிருக்காங்க. டாக்டருக்கே ஒண்ணும் புரியலையாம், ஸ்கேன்ல எல்லாம் சரியா இருக்குதாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஏசி உறுமியது. செல்வி அந்தப் படத்தைச் சட்டென்று மூடினாள்.

"சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் இளஞ்செழியனைக் கூப்பிட்டுக் காட்டினாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன், இந்தக் கம்பெனியை அவளோடு சேர்ந்து ஆரம்பித்தவன். அவன் திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தான், பிறகு நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தான்.

"பழைய படம் மெமரில தங்கியிருக்கும் செல்வி. அது மேல புதுசு விழுந்திருக்கும்."

"மூலப் பதிவுல இல்ல. நான் பாத்துட்டேன்."

"அப்ப உன் புரோகிராம்ல ஏதோ தப்பு."

"தப்புக்குக் கையும் காலும் மொளைக்குமா?"

"மேகத்துல யானை தெரியுதில்ல, அந்த மாதிரி." அவன் குரல் இறங்கியது. "திங்கக்கெழம பதினோரு கேமராவுலயும் இத ஏத்தணும். இவ்ளோ நல்லா யாராலயும் ஓரம் பிடிக்க முடியல. இப்ப போயி பேய்னு சொன்னா நான் அவங்க கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கினு நிக்கறது?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினோரு கேமராக்கள். காலையில் ஒரு படம் அல்ல, நாள் முழுக்க, விநாடிக்கு இருபத்தைந்து.

வியாழக்கிழமை அவள் ஆறரைக்கே வந்துவிட்டாள். ஆஃபீஸில் வேறு யாரும் இல்லை. சாம்பல் அறையின் விளக்கைப் போட்டதும், அந்த அறை முன்பு ஒருபோதும் இல்லாத அளவுக்குச் சின்னதாகத் தெரிந்தது. ஏசியைப் போடவில்லை. அதன் உறுமலுக்குள் வேறு சத்தம் ஒளிந்துகொள்ளும் என்று தோன்றியது. ஏழு மணி. ஏழு ஒன்று. படம் வந்தது. ஊகிப்பு மேலிருந்து கீழாக, வரி வரியாக, திரையில் இறங்கியது.

அது இன்னும் நான்கடி முன்னால் வந்திருந்தது.

இப்போது கால்கள் இருந்தன. முழங்கால் வரை ஏற்றிச் செருகிய ஈரச் சேலை, மீன் தண்ணீரில் ஊறி வெளுத்த பாதங்கள், இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி. ஓர் ஆணின் கை. ஒரு கிழவியின் கால்கள். நடுவில் வயிறும் மார்பும் முகமும் இருக்க வேண்டிய இடத்தில் காலை வானம். புதன்கிழமைப் படத்தில் அதன் காலடியில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தவள் யாரென்று செல்விக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குஞ்சம்மாள். சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். அந்த மெட்டியைத் தெரியும்.

பிறகுதான் அதன் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

கத்தரிப்பூ நிறச் சேலை. தலையில் சும்மாடு. அந்த வெற்று முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஒன்றும் தெரியாமல், யாரையோ பார்த்துச் சிரித்தபடி நிர்மலா.

செல்வி ஸ்கூட்டரை எப்படி எடுத்தாள், சிக்னலில் நின்றாளா இல்லையா என்பது அவளுக்குப் பிறகு நினைவில்லை. துறைமுகத்துக்குள் நுழைந்ததும் மீன் வாடையும் டீசல் புகையும் முகத்தில் அறைந்தன. ஏலக்காரன் கத்திக்கொண்டிருந்தான். கூடைகளுக்கு நடுவே நிர்மலா, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நிர்மலா! அங்க நிக்காத. இந்தப் பக்கம் வா."

நிர்மலா திரும்பவில்லை. செல்வி போய்த் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வந்து பேசுங்க அண்ணி. வலது காது காலையிலேருந்து கேக்கல. தண்ணி பூந்துட்ட மாதிரி கம்முனு கீது." காதைத் தட்டிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "குஞ்சம்மா கெழவியும் நேத்து எந்திரிக்கல, தெரியுமா? கால் ரெண்டும் மரக்கட்டையாட்டம் ஆயிடுச்சாம். என்னமோ காத்து கருப்பு சுத்துதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

செல்வி ஏலக்கூடத்துச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைப் பெட்டிக்குள் கட்டைவிரல் அளவு கறுப்புக் கண்ணாடி. அதற்கு எதிரே, படகுத்துறையில், வெயில் விழுந்த வெறும் சிமெண்ட் தரை. யாரும் இல்லை. ஆனால் சனங்கள் அந்த இடத்தைச் சுற்றிப் போனார்கள். கூடையோடு நேராக வந்தவர்கள், அந்த இடம் வந்ததும் காரணமே இல்லாமல் ஓரடி விலகி, பிறகு மறுபடி நேராகப் போனார்கள். ஒரு நாய் கூட.

"ஏணி எங்க?" என்றாள் செல்வி.

"மேடம், ஆர்டர் இல்லாம கழட்டக் கூடாது" என்று ஒரு காக்கிச் சட்டைக்காரர் ஓடி வந்தார்.

"மாட்டினது நான். கழட்டறதும் நான்தான். யார் கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க." நிர்மலா ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். திருகைக் கழற்றும்போது தன் முகம் லென்ஸுக்கு எதிரே வராமல் பார்த்துக்கொண்டாள். கழற்றியதை நிர்மலாவின் சும்மாட்டுத் துணியில் சுற்றி, ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

"எதுக்கு அண்ணி இது? எனக்கு பயமா இருக்குது."

"பயப்பட ஒண்ணும் இல்ல. நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

ஆஃபீஸில் இளஞ்செழியன் வாசலிலேயே நின்றிருந்தான். துறைமுகத்திலிருந்து அதற்குள் போன் வந்திருந்தது.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? ஒரு வார்த்த சொல்லாம..."

"உள்ள வா. ஒரே ஒரு படம். அப்புறம் நீ சொல்றதக் கேக்கறேன்."

சாம்பல் அறையில் கேமராவை மேசைமீது வைத்து, வயரைத் தன் லேப்டாப்பில் செருகினாள். அவனை கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி, எந்தக் காரணத்துக்காகவும் முன்னால் வரக் கூடாது என்றாள். தான் மட்டும் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் அதற்கு நிறம் வரும். வேறு யாரை நிறுத்துவது?

"எடு."

கிளிக் என்ற சத்தம் கூட இல்லை. ஆனால் அவள் உணர்ந்தாள். மூக்கின் வலது பக்கம், கன்னம், மோவாயின் ஒரு பாதி, ஐஸ் வைத்தது போல ஒரு கணம் குளிர்ந்து, பிறகு குளிரும் போய்விட்டது. உடம்பெல்லாம் அப்பியிருந்த மீன் வாடை நின்றுபோனது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். காற்று உள்ளே போனது, வாசனை எதுவும் போகவில்லை.

படம் திரையில் இறங்கிக்கொண்டிருந்தது. வரி வரியாக.

"செல்வி" என்றான் இளஞ்செழியன். "செல்வி, இது அய்யப்பன்."

அவள் கேமராவைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தாள். படத்தில், சாம்பல் சுவரில் சாய்ந்து நிற்கும் அவள். அவள் தோளோடு தோள் உரசி நிற்கும் இன்னொருவர். ஐஸ்காரனின் கை. கிழவியின் கால்கள். நிர்மலாவின் சின்னக் காது. அவற்றுக்கு நடுவே, முக்கால்வாசி நிறைந்துவிட்ட ஒரு முகம். அந்தத் தாடை. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற அந்தப் பார்வை. மூன்று வருடமாக அவள் நினைக்காமலிருக்கப் பழகிய முகம். வாய் மட்டும் இன்னும் சுவராக இருந்தது.

இன்னும் ஒரே ஒரு படம் எடுத்தால் வாயும் வந்துவிடும். எங்கே போனாய் என்று கேட்கலாம். அவன் சொல்லலாம்.

செல்வியின் விரல் பொத்தானுக்குப் போனது. இளஞ்செழியன் தடுக்கவில்லை. விரல் அங்கேயே நின்றது.

அந்த முகத்தில், மூக்கின் வலது பக்கம் ஏதோ ஒரு பொட்டு மின்னியது.

அவள் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மூக்குத்தி. அவளுடைய ஒற்றைக் கல் மூக்குத்தி. அய்யப்பன் மூக்கு குத்திக்கொண்டவனா? பன்னிரண்டு வயதில் தூண்டில் கிழித்து இடது புருவத்தில் அவனுக்கு ஒரு தழும்பு உண்டே, அது எங்கே? இல்லை. வழுவழுப்பாக இருந்தது புருவம். அவள் புருவம். அக்காவும் தம்பியும் ஒரே சாயல் என்று ஊரே சொல்லும். பக்கத்தில் நின்றது அவள். முகத்தை எடுத்தது அவளிடமிருந்து.

"நீ அவன் இல்ல" என்றாள் திரையைப் பார்த்து. முதலில் மெதுவாக. பிறகு ஆஃபீஸ் அதிரும்படி. "நீ அவன் இல்ல! பாக்காதத பாத்த மாதிரி ஒட்ட வச்சது நீ. உன்ன எழுதினவ நான். என் தம்பி மூஞ்ச போட்டுக்கினு வந்தா விட்டுடுவேன்னு நெனச்சியா?"

திரையில் அசைவில்லை. ஆனால் அறையில் ஏதோ அசைந்தது. சுவரில் அல்ல. சுவருக்கும் அவளுக்கும் நடுவே.

"செழியா, உன் கம்ப்யூட்டர்ல இருக்கறத எல்லாம் அழி. ஒரு காப்பி இருக்கக் கூடாது. நான் இதுல அழிக்கறேன்."

அவன் ஓடினான்.

ஒவ்வொரு காப்பியாகத் தேடித் தேடி, காலை முழுக்க அழித்தாள். பதினான்கு மாத உழைப்பு. பிறகு, கடைசிக் காப்பியை உள்ளே வைத்திருந்த கேமராவையும், லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். தரை கொதித்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் தொட்டிக்கு அடியிலேயே சுருண்டிருந்தது. இடைவெளி இருந்தால்தானே நிரப்ப முடியும்? எல்லாப் புள்ளியும் ஒரே வெள்ளையில் பொங்கி நிறைந்தால் யாரிடம் என்ன கேட்கும்? கேமராவைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, லென்ஸை நேராக உச்சிச் சூரியனுக்குத் திருப்பினாள்.

வெயிலில் லேப்டாப் திரை தெரியவில்லை. லென்ஸின் குழலை ஒட்டிக் கண்ணை வைத்துத்தான் குறிபார்க்க வேண்டியிருந்தது. கண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி வழிந்தது. மறுபடி பார்த்தாள். கைக்குள் கேமரா சுட்டது. உள்ளே ஏதோ மெல்லச் சுருங்கும் சத்தம், எண்ணெயில் விழுந்த அப்பளம் போல.

"எரி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எரி. உன்ன எவ்ளோ நேரம் ஆனாலும் விடமாட்டேன்."

பத்து நிமிடம். லேப்டாப்பை முந்தானைக்குள் மூடிப் பார்த்தபோது திரை முழுக்க ஒரே வெள்ளை, அதன் நடுவே கருகிய ஒரு துளை. கேமரா செத்துவிட்டது. செல்வி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து முதன்முறையாக மூச்சை முழுதாக விட்டாள்.

படியிறங்கும்போது இளஞ்செழியன் எதிரே ஏறி வந்தான். "எல்லாம் அழிச்சிட்டேன்" என்றான்.

அவனுக்கு முகம் இல்லை.

சட்டை இருந்தது, கழுத்து இருந்தது, மேலே படிக்கட்டுச் சுவரின் மஞ்சள் நிறம். அவள் கண்ணை இமைத்தாள். கண்ணைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள், அவன் முகம் தெரிந்தது. நேரே பார்த்தாள், மறைந்தது. சூரியன். கண்ணின் நடுவில் பொசுக்கிவிட்ட ஓட்டை. எங்கே பார்த்தாலும் அங்கே அது போய் நின்றது. ஆனால் கறுப்பாக நிற்கவில்லை. பக்கத்தில் இருக்கும் சுவரை எடுத்து, கண் அந்த ஓட்டையைத் தானே நிரப்பிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். அவளைக் கேட்காமல்.

மஞ்சள் சுவரின் நடுவே, இளஞ்செழியனின் தோளை ஒட்டி, ஒரு கோடு விழுந்தது. தோள்பட்டையின் வளைவு.

செல்வி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தினாள்.

"என் முன்னால நிக்காத. போ. கீழ எறங்கு. நான் பாக்கற எடத்துல யாரும் நிக்கக் கூடாது."

"என்னாச்சு செல்வி?"

"போடா!"

அவன் காலடிச் சத்தம் இறங்கியது. பிறகு வேறொரு காலடி ஏறியது. ரப்பர் செருப்பு. "அண்ணி? வீட்டுக்குப் போக மனசு வரல. இன்னா ஆச்சு உங்களுக்கு? ஏன் கண்ண மூடிக்கினு நிக்கறீங்க?"

செல்வி சுவரைத் தடவிக்கொண்டே ஓடினாள். ஆஃபீஸ் கதவு. மேசை. நாற்காலி இடித்தது. குளியலறை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்தாள். எதிரே கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி என்று தெரியும். யாரையும் பார்க்கக் கூடாது. ஆனால் ஒருத்தியைப் பார்க்கலாம்.

கண்ணைத் திறந்தாள்.

கண்ணாடியில் அவள் தோள்கள், அவள் கூந்தல், அவள் கழுத்துச் சங்கிலி. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அது. இப்போது அது ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தது போல இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரம் கூர்மையாக, அழகாக இருந்தது. வாய் மட்டும் இல்லை.

"எடுத்துக்கோ" என்றாள் செல்வி. "என்கிட்டயிருந்து மட்டும் எடுத்துக்கோ. வேற ஒருத்தரையும் நான் பாக்கப் போறதில்ல. கடைசி வரைக்கும் உனக்கு நான் ஒருத்திதான். எவ்ளோ வேணுமோ எடு."

குளிர்ந்தது. உதடு. நாக்கு. பல். பிறகு குளிரும் இல்லை.

அவள் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே விரல் வழுவழுவென்று மோவாய் வரை வழுக்கி இறங்கியது.

"அண்ணி!" கதவு தட்டப்பட்டது. "கதவத் தெறங்க. எதாவது பேசுங்க."

கண்ணாடியில் இருந்தது வாயைத் திறந்தது. செல்வியின் பற்கள். செல்வியின் குரல், அவள் ஒருபோதும் பேசாத அன்போடு.

"ஒண்ணும் இல்ல நிர்மலா. கதவத் தள்ளிக்கினு உள்ள வா. வந்து என் பக்கத்துல நில்லு."

தாழ்ப்பாள் பழையது. வெளியிலிருந்து நிர்மலா தோளால் இடித்தாள். திருகு ஒன்று தெறித்துத் தொட்டிக்குள் விழுந்து சுழன்றது. செல்வி இரண்டு காலையும் எதிர்ச் சுவரில் உதைத்து ஊன்றி, முதுகால் கதவை அழுத்தி, இரண்டு கைகளாலும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். கத்த வாயில்லை. கதவு திறந்தாலும் நிர்மலா பார்வையில் விழக் கூடாதென்று, கண்ணை மட்டும் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. இமைக்கவில்லை.

"வா நிர்மலா" என்று சிரித்தது அது. "பலமா தள்ளு."